கிட்னியைக் கெடுப்பது எந்த மாத்திரை?

‘சுகர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்’ என்ற பேச்சு நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் அனுப்புகிறார். அதை நம்பி, சர்க்கரை அளவு சற்று இறங்கியதுமே மெட்ஃபார்மினை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதிதான்: ‘ஒருதரம் ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது’ என்று சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் முழங்கால் வலி வந்துவிட்டால் அதே மனிதர்கள் மருந்துக்கடைக்குப் போய், ‘வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க, நல்ல பவரா குடுங்க’ என்று கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை கிட்னியை என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. ஆதாரங்களை எடுத்துப் பார்த்தால், நம் பயமும் துணிச்சலும் இடம் மாறிக் கிடப்பது தெரியும். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரையைக் கண்டு ஒதுங்குகிறோம். அதைக் கெடுக்கக்கூடியதைத் தாராளமாகச் சாப்பிடுகிறோம்.

சிறுநீரகம் நாள்பட்டுச் செயலிழப்பதற்கு முதன்மையான இரண்டு காரணங்கள் கட்டுப்படாத நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் அவற்றின் சுவர்கள் தடித்து, தழும்பேறி, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும். இவ்வளவும் வலியில்லாமல், வீக்கமில்லாமல், வருடக்கணக்கில் நடக்கும். மாத்திரை இந்தச் சேதத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதைப் பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்று தெளிவுபடுத்தியது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டு இருபது ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. மருந்துகளால் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ரத்தக் குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்திருந்தன. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்பது உண்மையானால் இந்தக் கணக்கு தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் இவ்வளவு பேர் அப்படி நம்புகிறார்கள்? அவர்கள் கண்ணால் பார்த்ததில் பிழையில்லை, அதற்குக் காரணம் கற்பித்ததில்தான் பிழை. மெட்ஃபார்மின் உடலிலிருந்து வெளியேறும் வழி சிறுநீரகம். வேறு காரணத்தால் சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். அதனால் வடிகட்டும் திறன் (eGFR) 45-க்குக் கீழே இறங்கும்போது மருத்துவர் அளவைக் குறைக்கிறார், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுகிறார். ‘கிட்னி கெட்டதும் டாக்டரே சுகர் மாத்திரையை நிறுத்திட்டார், அப்போ அதுதானே காரணம்?’ என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. இன்னொரு காட்சி இதைவிட வருத்தமானது. பல வருடங்களாகச் சர்க்கரை உள்ள ஒருவருக்குத் திடீரென்று அளவு தானாக இறங்கத் தொடங்குகிறது, மாத்திரையைக் குறைத்தாலும் ஏறுவதில்லை. சர்க்கரையே குணமாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில், இன்சுலினை உடைத்து வெளியேற்றும் வேலையில் ஒரு பங்கு சிறுநீரகத்துடையது. அது தளரும்போது இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது. அந்த இறக்கம் பரிசோதனைக்கு ஓட வேண்டிய அறிகுறியாக இருக்கலாம்.

வலி மாத்திரைக்கு வருவோம். சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண்வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு சிறு குழாய், வெளியே போக ஒரு சிறு குழாய். வயல் மடையைப் போல இந்த இரண்டையும் திறந்தும் குறுக்கியும்தான் உடல் உள்ளிருக்கும் அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. உடலில் நீர் வற்றும்போது, உள்ளே வரும் குழாயைத் திறந்து வைத்திருப்பவை புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் இதே வகைப் பொருள்கள்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மருந்துகள் இவற்றின் உற்பத்தியைத் தடுப்பதால்தான் வலி அடங்குகிறது. மூட்டில் மட்டும் தடு, சிறுநீரகத்தில் விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப் படலமும் இதே பொருள்களை நம்பியிருப்பதால்தான் வயிறு எரிகிறது, புண் வருகிறது. பயனும் பக்க விளைவும் ஒரே செயல் இரண்டு இடங்களில் காட்டும் முகங்கள்.

எனாலபிரில், ராமிபிரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் வேலை செய்வது மறுபக்கத்தில். அவை வெளியே போகும் குழாயைத் தளர்த்தி, வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. இதனால் தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் சற்று ஏறலாம். 30 சதவீதம் வரையான ஏற்றத்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்றுக்கொள்கின்றன. அந்தச் சீட்டைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இழப்பது பெரிது. இதே வகையைச் சேர்ந்த காப்டோபிரில் மருந்தை, சிறுநீரகப் பாதிப்பு தொடங்கிவிட்ட 409 நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 1993-இல் வெளியானது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு, சர்க்கரை மாத்திரையாகப் பிறந்த டாபாக்ளிஃப்ளோசினைச் சிறுநீரக நோயுள்ள 4,304 பேரிடம் சோதித்துப் பார்த்தது. அவர்களில் சர்க்கரை நோய் இல்லாதவர்களும் இருந்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்தார்கள். கிட்னியைக் கெடுக்கும் என்று பேசப்படும் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மாத்திரை, இன்று கிட்னியைக் காப்பதற்காகவே எழுதிக் கொடுக்கப்படுகிறது.

ஆபத்து கூடுவது வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேரும்போது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவர், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வேலை செய்து உடலில் நீர் வற்றியிருக்கிறது. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறார். வெளியே போகும் குழாய் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, ரத்த ஓட்டமும் குறைந்திருக்கிறது. இப்போது உள்ளே வரும் குழாயும் சுருங்குகிறது. சில நாட்களிலேயே சிறுநீரகம் மடங்கிப்போகலாம். அவர் மருத்துவமனைக்கு வந்த பிறகு வீட்டில் பழி விழுவது, வருடக்கணக்காகச் சாப்பிட்ட சுகர் மாத்திரையின்மேல்.

வலி மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் வானமே ஒரு சாட்சி. செத்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பாறு கழுகுகள் 1990-களில் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு ஊசியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், இறைச்சி வழியாகப் போய் அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004-இல் உறுதியானது. கால்நடைக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006-இல் இந்தியா தடை விதித்தது. தமிழ்நாட்டில் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவற்றில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. பறவையின் உடல் வேறு, மனித உடல் வேறு. ஒரு வேளை மருந்து நமக்கு அப்படிச் செய்யாது. ஆனால் மனிதர்களிடமும் கசப்பான முன்னனுபவம் உண்டு. 1950-களில் சுவிட்சர்லாந்திலும் பிறகு ஸ்வீடனிலும், பெனாசிட்டின் கலந்த தலைவலி மருந்தைத் தினமும் பழக்கமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை மருத்துவர்கள் கண்டார்கள். பல நாடுகளில் அந்த மருந்து சந்தையைவிட்டே போனது.

ஆபத்து இவ்வளவு தெரிந்திருந்தும் பயம் ஏன் இடம் மாறியது என்றால், மாத்திரை பலன் காட்டும் நேரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலி மாத்திரையின் பலன் அரை மணியில் தெரிந்துவிடும், கெடுதல் தெரிய வெகுநாள் ஆகும். பிரஷர் மாத்திரையின் பலன் என்பது பத்து வருடம் கழித்து வராமல் போன பக்கவாதம், தேவைப்படாமல் போன டயாலிசிஸ். வராமல் போனதை யார் பார்க்க முடியும்? அதே சமயம் அதன் சின்னத் தொந்தரவு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மனம் கண்ணுக்குத் தெரிவதைத்தானே கணக்கில் எழுதிக்கொள்ளும்?

அப்படியானால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்குக் கெடுதலே இல்லையா என்று கேட்டால், நிச்சயம் உண்டு. மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும்; பல வருடம் சாப்பிட்டால் உடலில் வைட்டமின் பி12 குறைந்து கால் மரத்துப்போகலாம், அதைச் சர்க்கரையின் வேலை என்றே நினைத்துவிடுவோம். கிளிமெபிரைடு போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும்; சஷ்டி விரதமோ ரம்ஜான் நோன்போ இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இதனால்தான். எனாலபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும், அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும் டாபாக்ளிஃப்ளோசின், அதே காரணத்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றைக் கொண்டுவரலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. இருமல் வந்தால் டெல்மிசார்டனுக்கு மாற்றலாம், பி12 குறைந்தால் ஈடுகட்டலாம். சொன்னால்தான் மாற்ற முடியும். சொல்லாமல் நிறுத்திவிட்டால், அடுத்த முறை அளவு ஏறியிருப்பதைப் பார்க்கும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்த்து எழுதுவார்.

மருந்துக் கம்பெனிகளை எப்படி நம்புவது என்ற கேள்வியும் நியாயமானது. மூட்டு வலிக்கு 1999-இல் வந்து உலகமெங்கும் விற்ற ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. சந்தேகம் ஆரோக்கியமானதுதான், அது எல்லா மாத்திரைமேலும் ஒரே அளவில் விழ வேண்டும். ரோஃபெகாக்ஸிபைப் பிடித்ததும் யாரோ சொன்ன செய்தி இல்லை. மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணிய கணக்கு. நம் நாட்டிலும் 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தன் பக்க விளைவைத் தெரிவிக்கலாம்.

‘இங்கிலீஷ் மருந்துதான் சூடு, மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாது’ என்பவர்களுக்கு பிரஸ்ஸல்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க மூலிகைப் பொடி சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணம், அதில் கலந்திருந்த ஒரு தாவரத்தின் அரிஸ்டலோகிக் அமிலம். அது புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டு மருத்துவத்தில் புழங்கும் ஆடுதின்னாப்பாளை அதே குடும்பத்துச் செடி, அந்த அமிலம் அதிலும் உண்டு. செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு, வேறு எதனுடன் சேர்த்து.

மூட்டு வலியோடு வாழ்கிறவர்களை வலி மாத்திரையே தொடாதீர்கள் என்று சொல்வது கொடுமை. சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவர், மருத்துவர் சொன்னபடி இரண்டு மூன்று நாள் சாப்பிடுவதில் பெரும்பாலும் தீங்கில்லை. சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் கணக்கு வேறு. அவர்களுக்குப் பூசும் களிம்பு, ஒத்தடம், உடற்பயிற்சி, அளவோடு பாராசிட்டமால் என்று மருத்துவர்கள் வேறு வழி சொல்வார்கள். வலி மாத்திரை அட்டையைத் திருப்பி அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். ‘அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று போட்டிருக்கலாம். இதோடு காய்ச்சல் மாத்திரை தனியாகப் போட்டால் பாராசிட்டமால் இரண்டு முறை உள்ளே போகிறது. பெரியவர்களுக்கு அதன் உச்ச வரம்பு நாளுக்கு 4 கிராம், மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாக இருந்தால், மெட்ஃபார்மினையும் சில பிரஷர் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் இதையெல்லாம் பேச டாக்டருக்கு எங்கே நேரம் என்பது உண்மையான குறை. அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் தன்னார்வலர் பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர், திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடியவர். மாத்திரை கொடுக்கும்போது ‘வலிக்கு ஏதாவது வாங்கிச் சாப்பிடுறீங்களாம்மா? அந்த அட்டையைக் காட்டுங்க’ என்று அவர் கேட்பதையும், கேட்டதைக் குறித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சேர்ப்பதையும் அவருடைய வேலையில் ஒரு பகுதியாக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்தாயிற்றா என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதலாம்.