பிங் அடித்தால் ‘தெரியாது’ என்கிறதா?

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டி என்டர் அடிக்கிறீர்கள். நேற்று வரை ஐபி முகவரியைக் காட்டிய கட்டளை. இன்று வருவது வேறு பதில்: இது உள் கட்டளையும் இல்லை, வெளிக் கட்டளையும் இல்லை, ஓடக்கூடிய புரோகிராமும் இல்லை, பேட்ச் ஃபைலும் இல்லை. இதைப் பார்த்ததுமே விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மேட் அடிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கட்டளை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியல்தான் கெட்டிருக்கிறது.

‘டிர்’, ‘சிடி’, ‘எக்கோ’, ‘காப்பி’ போன்ற கட்டளைகள் சிஎம்டி புரோகிராமுக்குள்ளேயே இருப்பவை. அவற்றுக்குத் தேடலே இல்லை. ‘பிங்’, ‘ஐபிகான்ஃபிக்’ போன்றவை தனி இஎக்ஸ்இ ஃபைல்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருக்கின்றன. நீங்கள் பெயரைத் தட்டியதும் சிஎம்டி முதலில் தனக்குள் பார்க்கும். பிறகு நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் பார்க்கும். அதன்பின் ‘பாத்’ என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடும். எங்கும் கிடைக்காவிட்டால்தான் அந்தச் செய்தி.

ஆகவே முதலில் ‘டிர்’ அடித்துப் பாருங்கள். அது ஓடி, ‘பிங்’ ஓடவில்லையென்றால் சந்தேகம் பாத் மேல். அடுத்து சிஸ்டம்32 வரையிலான முழு முகவரியோடு பிங்கைத் தட்டுங்கள். ஓடினால் சந்தேகம் தீர்ந்தது: ஃபைல் இருக்கிறது, பாத்தில் சிஸ்டம்32 இல்லை. ‘பிங்’ என்றால் ஓடாமல் ‘.இஎக்ஸ்இ’ சேர்த்தால் மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் ‘பாத்எக்ஸ்ட்’ என்ற இன்னொரு மாறியில் கோளாறு, அது அபூர்வம்.

ஒரு கட்டளை எங்கே இருக்கிறது என்று கேட்க ‘வேர்’ என்ற கருவி உண்டு. ஆனால் அதுவும் சிஸ்டம்32-இல் வசிக்கும் தனி ஃபைல்தான். பாத் போனால் அதுவும் சேர்ந்தே போகும். ‘பாத்’ என்று தட்டினால் பட்டியலைக் காட்டும் கட்டளை மட்டும் சிஎம்டிக்குள்ளேயே இருப்பதால் எப்போதும் ஓடும்.

பாத் எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் நாமே கெடுப்பதுதான். ஏதோ ஒரு கருவியை நிறுவ, “இந்த ஒரு வரியை ஒட்டு” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த வரி அநேகமாக ‘செட்எக்ஸ்’ என்று தொடங்கி, பழைய பாத்தோடு புது ஃபோல்டரை இணைக்கும். செட்எக்ஸுக்கு 1024 எழுத்து வரம்பு உண்டு. பாத் அதைவிட நீளமென்றால் மிச்சத்தை வெட்டிவிட்டுச் சேமித்துவிடும். எச்சரிக்கை வரி வரும், ஆனால் உங்கள் சம்மதத்தைக் கேட்காது. அதைவிட மோசம், சிஎம்டிக்கு எழுதிய அதே வரியை அட்மின் உரிமையோடு பவர்ஷெல்லில் ஒட்டுவது. சதவீதக் குறிகளுக்குள் இருக்கும் ‘பாத்’தை பவர்ஷெல் விரிப்பதில்லை, அந்த எழுத்துகளே அப்படியே போய் உட்காரும், பழைய பட்டியல் மொத்தமும் காலி. செட்எக்ஸ் வைத்துப் பாத்தைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

அப்படி நடந்துவிட்டால், திறந்திருக்கும் பழைய கமாண்ட் பிராம்ப்ட் எதையும் மூடாதீர்கள். ஒவ்வொரு ஜன்னலும் திறக்கும்போது இருந்த பாத்தைத்தான் கையில் வைத்திருக்கும். அதில் ‘பாத்’ அடித்தால் பழைய பட்டியல் முழுதாக வரும். நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய ஸ்டார்ட் மெனுவில் ‘என்விரான்மென்ட்’ என்று தேடி, என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டிக்குப் போங்கள். மேலே இருப்பது உங்கள் கணக்குக்கான பாத், கீழே இருப்பது கணினி முழுமைக்குமானது. கீழுள்ளதைத் திருத்த அட்மின் உரிமை வேண்டும். விண்டோஸின் சொந்தக் கட்டளைகளே காணவில்லையென்றால் கீழே உள்ளதில் சிஸ்டம்32, விண்டோஸ் ஃபோல்டர், சிஸ்டம்32-க்குள் இருக்கும் டபிள்யூபெம், பவர்ஷெல் ஃபோல்டர் ஆகியவற்றைச் சேருங்கள். நீங்கள் நிறுவிய கருவி என்றால் மேலே சேர்த்தாலே போதும். சேர்ப்பது ஃபோல்டரின் முகவரி, இஎக்ஸ்இ ஃபைலின் முகவரி அல்ல. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். ஓகே கொடுத்தபின் புது ஜன்னல் திறந்தால்தான் மாற்றம் தெரியும். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் விஎஸ் கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

ஜாவா படிக்கத் தொடங்குகிறவர்களின் புலம்பல் தனி ரகம்: ‘ஜாவா’ ஓடுகிறது, ‘ஜாவாசி’ தெரியாது என்கிறது. ஜாவா 8 இன்ஸ்டாலர், ‘ஜாவாபாத்’ என்ற ஃபோல்டரை மட்டும் பாத்தில் சேர்த்தது. அதில் புரோகிராமை ஓட்டும் ஃபைல் உண்டு, கம்பைலர் கிடையாது. கம்பைலர் ஜேடிகே ஃபோல்டருக்குள் ‘பின்’னில் இருக்கிறது. அந்தப் பின் ஃபோல்டரைச் சேர்த்தால் முடிந்தது.

பைதான் வேறு மாதிரி குழப்பும். இன்ஸ்டாலரின் முதல் திரையிலேயே பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம், வழக்கமாக டிக் இல்லாமல்தான் இருக்கும். அதைக் கவனிக்காமல் போனால், ‘பைதான்’ என்று தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். செட்டிங்ஸில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ் என்ற பகுதியில் பைதானின் பெயரை அணைத்தால் அந்தத் தொல்லை நிற்கும். பைதான் லாஞ்சரும் நிறுவியிருந்தால் ‘பிஒய்’ என்று இரண்டே எழுத்து தட்டிப் பாருங்கள். பல நேரம் அது ஓடும்.

சில கட்டளைகளுக்கு மட்டும் பாத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. டெல்நெட் கிளையன்ட் விஸ்டா காலத்திலிருந்தே தானாக நிறுவப்படுவதில்லை; விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் செய்ய வேண்டும். ‘டபிள்யூஎம்ஐசி’யை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுக்கொண்டே வருகிறது, புதிய விண்டோஸ் 11-இல் அது இல்லாமல் போகலாம், அந்த வேலையை பவர்ஷெல்லில்தான் செய்ய வேண்டும். ‘ஐஎஃப்கான்ஃபிக்’ லினக்ஸ் பக்கத்துக் கட்டளை, விண்டோஸில் தேடிப் பயனில்லை. பவர்ஷெல்லிலோ, நிற்கும் ஃபோல்டரிலேயே ஃபைல் இருந்தாலும் வெறும் பெயருக்கு ஓடாது. முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்வுக் கோடும் போட்டால் ஓடும்.