சிவப்பு ஓநாயும் அரசாங்கத்தின் கடமையும்

ஒரு பிராணியைப் பூண்டோடு அழிக்கத் துப்பாக்கியும் விஷமும் போதும்; அதை மீட்டுக் காட்டில் குடியேற்றுவதற்கோ, ஆட்சிகள் மாறினாலும் மாறாத உறுதி ஓர் அரசாங்கத்துக்கு வேண்டும். அமெரிக்காவின் சிவப்பு ஓநாய் அடைந்த கதி இவ்வுண்மையை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கிறது.

சாம்பல் ஓநாயைவிடச் சிறியதும், கயோட்டி என்னும் அதன் நெருங்கிய உறவினத்தைவிடப் பெரியதுமான இந்தப் பிராணி, காதுகளின் பின்புறத்திலும் கால்களிலும் படர்ந்த செந்நிறத்தால் பெயர் பெற்றது. ஆணும் பெண்ணும் பிரியாத ஜோடியாக, தம் குட்டிகளுடன் ஒரு குடும்பமாக வாழ்ந்து, மான், முயல் முதலியவற்றை வேட்டையாடிப் பிழைப்பது இதன் இயல்பு. ஒரு காலத்தில் அந்நாட்டின் தென்கிழக்குப் பிரதேசம் முழுவதும் பரவியிருந்த இந்த இனம், காடுகள் வயல்களாக மாறியதாலும், கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்து அரசே வேட்டையை ஊக்குவித்ததாலும் க்ஷீணித்து, 1960-களில் டெக்ஸாஸ், லூயிசியானா மாகாணங்களின் கடலோரத்தில் ஒதுங்கியது. அங்கும் தன் இனத்தில் துணை கிடைக்காமல் கயோட்டிகளுடன் கலந்ததால், எஞ்சிய சந்ததியும் தன் தனித்தன்மையை இழந்து மறைந்துவிடும் நிலை உண்டாயிற்று.

1967-இல் இதனை அழியும் நிலையிலுள்ள இனமென அறிவித்த மத்திய அரசாங்கம், 1973-இல் இயற்றப்பட்ட சம்ரட்சணைச் சட்டத்தின் பலத்தோடு துணிகரமான ஒரு முடிவுக்கு வந்தது. காட்டில் விட்டுவைத்தால் கலப்பினால் இனம் அழியும் என்று கண்டு, நானூறுக்கு மேற்பட்ட பிராணிகளைப் பிடித்துச் சோதித்து, கலப்பற்றவை என்று தேறியவற்றை மட்டும் டகோமா நகரத்துப் பாயின்ட் டிஃபையன்ஸ் மிருகக்காட்சிசாலையில் வளர்க்கலானார்கள். இன்று உயிரோடிருக்கும் சிவப்பு ஓநாய்கள் அனைத்தும் அவற்றுள் 14 ஓநாய்களின் வம்சமே. 1980-இல் காட்டில் இவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஏழாண்டுகள் கழித்து, 1987-இல், வடக்குக் கரோலினாவின் கிழக்குக் கரையிலுள்ள அலிகேட்டர் ரிவர் வனவிலங்குச் சரணாலயத்தில் நான்கு ஜோடிகள் விடுவிக்கப்பட்டன.

விடுவித்ததோடு பணி முடிந்துவிடவில்லை. காப்பிடத்தில் பிறந்து கண் திறவாத குட்டிகளை, அதே சமயத்தில் ஈன்றிருக்கும் காட்டுத் தாயின் வளையில் கொண்டுபோய் வைத்தார்கள். தாயும் பேதம் பாராட்டாமல் அவற்றைப் பாலூட்டி வளர்த்தது. கயோட்டிகளைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே மீண்டும் விட்டார்கள். தன் எல்லைக்குள் பிற கயோட்டிகளை நுழையவிடாத அந்தப் பிராணி, ஓநாய்க்குக் கலப்பினக் குட்டிகளையும் தர இயலாது. ஆகவே ஓநாய் வரும்வரை அது காவலாகவே இருந்து உதவிற்று. இத்தகைய இடைவிடாத கவனத்தின் பயனாகக் காட்டிலிருந்த ஓநாய்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிற்று.

பிறகு அந்தக் கவனம் தளர்ந்தது. கயோட்டி என்று எண்ணிச் சுடப்பட்டவையும், நெடுஞ்சாலைகளில் வாகனங்களுக்குப் பலியானவையும் பல. தங்கள் நிலத்தில் ஓநாய் திரிவதை விரும்பாத சொந்தக்காரர்களின் எதிர்ப்பும், மாகாண வனவிலங்குக் குழுவின் ஆட்சேபமும் வலுத்தன. 2015-இல் மத்திய அரசாங்கம் புதிய ஓநாய்களை விடுவதை நிறுத்திற்று. கருத்தடைப் பணியும் நின்றது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள், காட்டில் இருப்பதாக உறுதியாக அறியப்பட்ட ஓநாய்கள் பத்துக்கும் குறைந்தன. முப்பதாண்டு முயற்சி அடியோடு நாசமாகும் தருணத்தில் வனவிலங்கு அபிமானிகள் நீதிமன்றத்தை நாடினர். 2021-இல் பிறந்த உத்தரவுக்குப் பின் விடுவிக்கும் பணி மீண்டும் தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே, நான்கு வருஷ இடைவெளிக்குப் பிறகு, காட்டில் ஆறு குட்டிகள் பிறந்தன. இதனின்று நாம் அறிவது தெளிவு: ஓநாய் தன் பங்கை என்றும் செய்யத் தயாராகவே இருந்தது, குறைவு நேர்ந்தது அரசாங்கத்தின் பங்கிலேதான்.

இப்போது, தூரத்திலேயே அடையாளம் தெரியும்படி ஓநாய்களுக்கு ஆரஞ்சு நிறக் கழுத்துப்பட்டை அணிவிக்கிறார்கள். அவை சாலையைக் கடக்கப் பாதுகாப்பான வழிகள் அமைப்பதற்கு 2024-இல் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஓநாயை அனுமதிக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்கு, நிலத்தைச் சீர்திருத்திப் பிற பிராணிகளும் பெருகச் செய்வதற்கு அரசு பொருளுதவி அளிக்கிறது. மீட்புப் பிரதேசத்தில் தனியார் நிலம் மிகுதியாகையால், இந்தக் கடைசி ஏற்பாட்டையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். ஒரு சட்டம் ஓநாயைக் காட்டுக்குள் கொண்டுவிடலாம். அங்கே அதைக் கொல்லாமல் வாழவிட வேண்டியவர் அக்கம்பக்கத்துக் குடியானவரே. அவருடைய அச்சத்தைச் செவிமடுத்து, அவருக்கு நேரும் சிரமத்தில் தானும் பங்கேற்று, கொடுத்த வாக்கை அடுத்த தேர்தலுக்குப் பின்னும் காக்கும் அரசாங்கமே, தன் முன்னோர் அழித்த ஓர் உயிரினத்தைத் திரும்ப அளிக்கும் தகுதி உடையதாகும்.