சொல்லாமல் விட்ட முடிவு

ரத்தமே உயிர் – 9

ரத்தம் கொடுத்தவர் பிஸ்கட்டும் பழச்சாறும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் போன பிறகுதான் ரத்த வங்கியின் முக்கியமான வேலை ஆரம்பமாகிறது.

பையைத் திறந்து யாரும் சோதிப்பதில்லை. ஊசி குத்தும்போதே சின்னக் குழாய்களில் தனியாகப் பிடித்த ரத்தம்தான் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை பை, சோதிக்காதவற்றுக்கான குளிர்பெட்டியில் காத்திருக்கும். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் இல்லை என்று தெரிந்தால்தான் அதை யாருக்கும் கொடுக்கலாம். நம் நாட்டில் எச்.ஐ.வி. சோதனை 1989-ல் கட்டாயமானது. ஹெபடைட்டிஸ் சி பட்டியலில் சேர 2001 வரை ஆனது.

பெரும்பாலான ரத்த வங்கிகள் நம்பியிருப்பது எலைசா சோதனையை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒரு குழிக்கு ஒருவருடைய சீரம். கழுவி, மருந்து சேர்த்து, மறுபடி கழுவிக் கடைசி மருந்தை விட்டதும் பெரும்பாலான குழிகள் தண்ணீர் போலவே இருக்கும். தொற்று உள்ளவரின் குழி மட்டும் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி எண்ணாகச் சொல்லும். எந்தக் குழி எந்தப் பைக்கு உரியது என்பதில் ஓர் எண் மாறிப்போனால், அந்தப் பையைச் சோதிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு பையிலிருந்து சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2018 டிசம்பர் 3. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த பை அது. தொற்று இல்லை என்று தேறி வந்த அந்தப் பையில் எச்.ஐ.வி. இருந்தது.

அதைக் கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினர் ஒருவருக்குத் தேவை என்று கொடுக்க வந்தவர். அவர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் விஷயம் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டு வருடம் எதுவும் தெரியாமல் இருந்தவர், நல்ல மனதோடு மறுபடியும் கையை நீட்டினார். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. தெரிந்த உடனே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னவர் அவரேதான். அதற்குள் ரத்தத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது ஒன்றுதான் ஆறுதல். ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. ஆனால் அந்தச் சங்கிலியில் தன் கடமையைச் சரியாகச் செய்த ஒரே ஆள் அந்த இளைஞர்தான் என்பதை எத்தனை பேர் சொன்னோம்?

அப்போது எல்லோரும் கேட்டது நாட் கருவி. எலைசா, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தொற்றியதிலிருந்து அது தென்பட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகலாம். இந்த இடைவெளியைத்தான் 'விண்டோ பீரியட்' என்கிறார்கள். நாட், வைரஸின் மரபணுவையே தேடுவதால் அதைப் பத்துப் பதினோரு நாளாகச் சுருக்கிவிடும். அது எல்லா ஊருக்கும் வர வேண்டும், மறுப்பில்லை. ஆனால் சாத்தூருக்கு அது விடையாகாது. இரண்டு வருடத் தொற்றைப் பிடிக்கச் சாதாரண எலைசாவே போதும். அதை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், 2016-லேயே அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசியிருந்தால் அவர் அன்றே சிகிச்சைக்குப் போயிருப்பார். ரத்தமும் கொடுத்திருக்க மாட்டார்.

கொடுப்பவர் யார் என்பது சோதனை அளவுக்கே முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் பழைய சான்று உண்டு. 1960-களில் அங்கே தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 1970-ல் காசுக்கு ரத்தம் வாங்குவதை விட்டார்கள், ஹெபடைட்டிஸ் பி சோதனையையும் சேர்த்தார்கள். அது சுமார் 10 ஆக இறங்கியது. மிச்சத்தில் பெரும்பகுதிக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் சி கிருமி 1989-ல்தான் அடையாளம் தெரிந்தது. இதைத் தொடர்ந்து துரத்திய ஹார்வி ஆல்ட்டர், 2020-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தியாவில் உச்ச நீதிமன்ற உத்தரவால் 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது ஒழிந்தது. ஆனால், "ரத்தம் குடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க" என்று உறவினரை விரட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. சொந்தக்காரர் படுக்கையில் கிடக்கும்போது, தன்னால் கொடுக்க முடியாது என்று நாலு பேர் முன்னால் எவரால் சொல்ல முடியும்?

ரத்த தானப் படிவத்தில், சோதனை முடிவில் ஏதாவது மாறுபாடு இருந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் 'ஆம்' என்று குறியுங்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் கைபேசி எண்ணை எழுதுங்கள். கொடுத்துவிட்டு வந்த பிறகு சந்தேகம் எழுந்தால் வெட்கப்படாமல் ரத்த வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் தயவுசெய்து ரத்தம் கொடுக்காதீர்கள். அதற்கு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. வழி கேட்க 1097 என்ற எண்ணை அழைக்கலாம்.

(தொடரும்)