இருளில் வெப்பத்தைக் காணலாமோ?

குச்சவெளிக் கரையில் அமாவாசையிரவில் நிற்பவன் தன் கையை மங்கலாகக் காண்பானாயின், அது விண்மீனொளியின் உதவியேயாம், முழுவிருளன்று. கதவடைத்த அறையிலும் தம் கையின் வெம்மையைக் கண்ணாற் காண்பதாகச் சிலர் சாதிப்பர்.

வெப்பக் கதிர் செந்நிறத்துக்கு அப்பாலும் உண்டென வில்லியம் ஹேர்சல் 1800இல் கண்டறிந்தார். நம் கண் உணர்வது ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள அலைகளையே. உடல் வெம்மையின் அலையோ 10,000 நனோமீற்றரை அண்டியது. கொல்லனுலையிலிட்ட இரும்பும் சுமார் 525 பாகை செல்சியசை எட்டிய பின்னரே இருளில் ஒளிரத் தொடங்கும். அன்றியும், உடல் வெம்மை நமக்குப் புலப்படுமாயின், கண்ணின் சொந்த வெம்மையே அதனைக் குருடாக்கிவிடுமன்றோ! குளிர்க்குருதியுடைய குழிவிரியனுக்கு அவ்விடரில்லை. கண்ணுக்கும் நாசிக்கும் இடையிலுள்ள குழியால் அது எலியின் வெம்மையை இருளிலும் உணர்கின்றது.

ஆயினும் அன்னாரைப் பொய்யரென்னலாகாது. 2013இல் வெளியான அமெரிக்க றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வில், கண் மூடப்பெற்றோருட் பாதிப்பேரளவில் தம் கை அசைவதைக் கண்டனர். அவருட் சிலர் கண்களும் அவ்வசைவைச் சீராகப் பின்தொடர்ந்தன. கையின் இயக்கத்தை அறிந்த மூளையே காட்சியைப் படைத்ததாம்.

ஐயுறுவோர் கொதிநீர்ச் சட்டியொன்றையும் தண்ணீர்ச் சட்டியொன்றையும் இருளறையில் பிறரைக்கொண்டு எட்டத்தில் வைப்பித்து, வெய்யது எதுவெனக் கண்ணால் மட்டுமே சொல்லிப் பார்க்கலாம். விரலை நீட்டாதிருத்தல் நன்று.