மண்ணீரலுக்குள் போன கம்பி

கல்லீரலில் கட்டிய சீழை ஊசி வைத்து உறிஞ்சியது சென்ற வாரக் கதை. அதே சீழ் மண்ணீரலில் கட்டினால்?

நெடுங்காலம் அதற்கு ஒரே பதில்தான். வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுத்துவிடுவார்கள். அதில் நியாயமும் இருந்தது. இடது விலா எலும்புகளுக்கு அடியில் பதுங்கியிருக்கும் அந்த 150 கிராம் உறுப்பு முழுக்க ரத்தம்; தையல் போட்டால் நூலே சதையை அறுத்துக்கொண்டு வரும். அதில் ஊசி குத்த எந்த சர்ஜன் துணிவார்? மண்ணீரல் இல்லாமலும் மனிதர்கள் நடமாடுவது வேறு கண்கூடாகத் தெரிந்தது.

அந்த நிம்மதி 1952இல் குலைந்தது. பரம்பரை ரத்தசோகைக்காக மண்ணீரலை இழந்த கைக்குழந்தைகளைப் பின்னாளில் கடுமையான தொற்றுகள் தாக்கியதை அமெரிக்காவின் கிங், ஷுமேக்கர் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். நிமோகாக்கஸ் போல உறை போர்த்திக்கொண்டு வரும் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. அது இல்லாதவருக்குச் சாதாரணமாகத் தொடங்கும் காய்ச்சல் ஓரிரு நாளில் உயிரையே பறிக்கலாம். அபூர்வம்தான், ஆனால் அந்த அபாயம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

மாற்று வழி சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. 1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர், ரத்தக்குழாய்களைப் படமெடுக்க ஓர் உத்தியை வெளியிட்டார்: உள்ளே துளையுள்ள ஊசியைக் குத்து, அதன் வழியே மெல்லிய கம்பியை நுழை, ஊசியை உருவு, கம்பியின் மேலேயே ட்யூபைத் தள்ளு. சீழ்க்கட்டி அவர் நினைப்பிலேயே இருந்திருக்காது. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்து சீழ் இருக்கும் இடத்தைக் காட்டியபோது, அந்தக் கம்பிக்குப் புது வேலை கிடைத்தது.

இன்று விலா இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, நுரையீரல் உறையும் பெருங்குடலும் குறுக்கிடாத பாதையை ஸ்கேனில் தேடுகிறார்கள். நல்ல திசுவை எவ்வளவு குறைவாகத் துளைக்கிறோமோ, ரத்தக்கசிவு அபாயமும் அவ்வளவு குறையும். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ட்யூப் உள்ளே போனதும் அதன் நுனி பன்றிவால் போலச் சுருண்டு, நழுவாமல் நிற்கும். சீழ் பையில் வடிய, ஒரு பங்கு லேபுக்குப் போகும். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தானே மருந்தைத் தீர்மானிக்க முடியும்?

ட்யூபே வேண்டாத நோயும் உண்டு. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த மெலியாய்டோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும். மண்ணீரலில் பெரும்பாலும் சின்னச் சின்னதாகப் பல கட்டிகள். ஒவ்வொன்றிலும் ட்யூப் வைப்பது நடக்கிற காரியமல்ல, மருந்துதான் கதி. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த ஆய்வு, கடுமையாகத் தாக்கப்பட்டவர்களின் இறப்பை செஃப்டாசிடிம் 74 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைத்ததை 1989இல் காட்டியது. ஊசி மருந்து சில வாரங்கள் ஏறிய பிறகு, மாத்திரை மாதக்கணக்கில் தொடர வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்களிடம் நோய் திரும்பி வரும்.

எல்லா மண்ணீரலும் தப்புவதில்லை. கட்டி வயிற்றுக்குள் உடைந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, சீழ் உள்ளறைகளாகப் பிரிந்து ட்யூபில் வடிய மறுத்தாலோ அறுவைதான். சிக்கலான கணக்கு இதய வால்வில் கிருமி குடியேறியவர்களுடையது. அங்கிருந்து ரத்தத்தில் மிதந்து வரும் துணுக்குகளே மண்ணீரலில் கட்டியாகின்றன. உள்ளே சீழை வைத்துக்கொண்டு புது வால்வு பொருத்தினால், அதையும் கிருமி பிடிக்கலாம். இதயம் தாங்கும் என்றால் சீழை முதலில் தீர்ப்பார்கள். தாங்காது என்றால் வால்வுக்குத்தான் முதலிடம்.

(தொடரும்)