கொக்கலையிலிருந்து எழுந்த விமானம்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆம் நாள், சனிக்கிழமை. காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து கற்றலினா என்னும் பெருவிமானமொன்று மேலெழுந்தது. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் இவ்வகை விமானங்கள் குண்டுகளையும் சுமக்க வல்லன. ஆயினும் அன்று அதற்கு இடப்பட்ட பணி கடலை வேவு பார்த்தல் ஒன்றே. அதனைச் செலுத்தியவர் லியனாட் பேர்ச்சல் என்னும் கனடிய விமானி, வயது 26. அவர் இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

பொழுது சாயும் வேளையில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைல் தொலைவில், அடிவானத்திலே சில கரும்புள்ளிகள் தோன்றின. அவை யாருடைய கப்பல்கள், எத்தனை என்று அறியாமல் திரும்புவது வேவு பார்ப்பவனுக்கு முறையன்று. பேர்ச்சல் அண்மித்துச் சென்றார். அக்கப்பல்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோ என்னும் யப்பானியத் தளபதியின் படை. அதில் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்து இருந்தன.

செய்தியை மும்முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே யப்பானியப் போர்விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் ஒருவர் அதனோடு அமிழ்ந்தார். நீரில் தத்தளித்தோர் மீதும் குண்டுகள் பொழியப்பட்டதால் இருவர் மாண்டனர். எஞ்சிய அறுவரை யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று சிறைப்பிடித்தது. செய்தி எதுவும் அனுப்பவில்லையென அவர்கள் சாதித்தனர். அந்நேரத்தில் கொழும்பு நிலையம், செய்தியைத் திரும்பவும் அனுப்புமாறு வானொலியில் கேட்டுவிட்டது! அதன் பின்னர் விழுந்த அடிகளைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. செய்தி முன்கூட்டியே கிடைத்தமையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. எனினும் பகைவர் வந்தபோது நமது பாதுகாப்பு விமானங்கள் நிலத்திலேயே நின்றன. கோண்வோல், டோசெற்சயர் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்றே கடலில் மூழ்கடிக்கப்பட்டன; 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது; மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் மூழ்கியது. ஆகவே, பின்னாளில் பேர்ச்சலுக்குச் சூட்டப்பட்ட 'இலங்கையின் மீட்பர்' என்ற பட்டம் சற்று மிகைதான் என்பேன். அவர் தந்தது எச்சரிக்கை. அதைப் பயன்படுத்தியதும் நழுவவிட்டதும் பிறரே.

என் மனத்தில் அவரை உயர்த்துவது அதன் பின்வந்த மூன்றாண்டுச் சிறைவாழ்வாகும். யப்பானிலே ஒவ்வூனாவில் விசாரணை; பின்னர் யொக்ககாமா முதலிய முகாம்கள். மூத்த அதிகாரியாகையால், கைதிகளின் துயரைக் காவலரிடம் முறையிடுவது தம் கடமையென அவர் கொண்டார், முறையிட்டதற்காக அடியுண்டார். நோயுற்றோரையும் துறைமுக வேலைக்குத் துரத்தியபோது, அவர்களை விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்யலாகாதென்று ஆணையிட்டார். ஆயுதமற்ற சிறையாளிகள் கைகட்டி அமர்ந்துவிட்டனர். அதற்குத் தண்டனையாக அவர் ஓமோரி முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

இவ்வளவுக்கிடையிலும் அவர் மறைவாக நாட்குறிப்புகள் எழுதிவந்தார். 1945இல் விடுதலையானபின், போர்க்குற்ற விசாரணைகளில் அவை சான்றுகளாக வைக்கப்பட்டன. பேர்ச்சல் 2004ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில், கனடாவிலே காலமானார்.