கார் கதவில் கீறலா? இழப்பீடு கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

அடுக்குமாடி வீட்டின் கீழே நிறுத்தி வைத்த காரில் இரவோடு இரவாக யாரோ சாவியால் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு கதவுகள் பாழ். பட்டறையில் கேட்டால் சாயம் பூச 900 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். "அதான் பர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கே, கிளைம் பண்ணிடு" என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொல்வார்.

கேட்டால் கிடைக்கும். முழுக் காப்புறுதி எடுத்த காருக்குப் பிறர் வேண்டுமென்றே செய்யும் சேதத்திற்கும் இழப்பீடு உண்டு. ஆனால் அந்தப் பணத்தை வாங்குவதில் லாபமா நட்டமா என்று நம்மவர்களில் பலர் பார்ப்பதில்லை.

என்சிடி என்று நாம் சொல்லும் கழிவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இழப்பீடு கோராமல் ஓட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியார் கார்களுக்கு 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று இந்தக் கழிவு ஏறிக்கொண்டே போகும். சொந்தக் காப்புறுதியில் ஒரு முறை இழப்பீடு வாங்கினால், அடுத்த ஆண்டு அது பூஜ்யத்திற்கு இறங்கிவிடும்.

உங்கள் காரின் முழுக் கட்டணம் 1,000 ரிங்கிட், கழிவு 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இப்போது 450 ரிங்கிட் கட்டுகிறீர்கள். கீறலுக்கு இழப்பீடு வாங்கினால் அடுத்த ஆண்டு 1,000 கட்ட வேண்டும். அதற்கடுத்த ஆண்டுகளில் 750, 700, 616.70, 550 என்று இறங்கி, மறுபடியும் 450க்கு வர ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டியது 1,366.70 ரிங்கிட். சேவை வரி இதில் சேரவில்லை. 900 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு 1,366 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்த கதைதான். முழுக் கட்டணம் 2,000 என்றால் இழப்பும் இரட்டிப்பு. கழிவு குறைவாக உள்ளவர்களுக்கு இழப்பும் குறைவு.

"தப்பு என்மேல் இல்லையே, என்சிடியை ஏன் பிடுங்க வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. விபத்தில் தவறு எதிர் வாகனமோட்டி மீது என்று உறுதியானால் உங்கள் கழிவைக் காப்பாற்ற வழி உண்டு. சாவியால் கீறியவன் யார் என்றே தெரியாதபோது யாரிடம் போய்க் கேட்பது? செலவு உங்கள் காப்புறுதி மேல்தான் விழும்.

கார் பழையது என்றால் இன்னொரு செலவும் உண்டு. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய காரில் உடைத்துப் போட்ட விளக்கு, பக்கக் கண்ணாடி போன்றவற்றிற்குப் புதுப் பாகம் போட்டால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும். இது 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து ஆண்டுக் காருக்கு 40 விழுக்காடு வரை போகும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவர்களுக்குக் கீறலுக்கும் சரி, திருட்டுக்கும் சரி, ஒரு காசு வராது.

கண்ணாடி விஷயம் வேறு. பையைத் திருட ஜன்னலை உடைத்தாலும், கல்லெறிந்து முகப்புக் கண்ணாடியை உடைத்தாலும், கண்ணாடிக்கென்று தனியாக எடுத்த சேர்ப்பு இருந்தால் அதில் கேட்கலாம், என்சிடி போகாது. வழக்கமாகக் கண்ணாடி மதிப்பில் 15 விழுக்காடு கட்டணம், அதாவது 1,000 ரிங்கிட் மதிப்புக்கு ஆண்டுக்கு 150. கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அதன் விலையையும் மதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை பயன்படுத்திய பிறகு மறுபடியும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமா என்று ஏஜெண்டிடம் கேட்டு வைப்பது நல்லது. காருக்குள் இருந்த கைப்பையும் மடிக்கணினியும் கார் காப்புறுதியில் வராது.

காரே திருட்டுப் போனால் யோசிக்க வேண்டியதில்லை, கேட்டே ஆக வேண்டும். ஆனால் கையில் எவ்வளவு வரும்? சந்தை மதிப்பு 28,000 ரிங்கிட், வங்கிக் கடன் பாக்கி 35,000 என்றால் 28,000மும் வங்கிக்குப் போய்விடும். மிச்சம் 7,000 இல்லாத காருக்கான கடனாக உங்கள் தலையில். கோரிக்கை முடியும் வரை மாதத் தவணையையும் நிறுத்த முடியாது. கட்டணத்தைக் குறைக்கக் காரின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. திருட்டுப் போனால் எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது.

நம் தாமான்களில் அடிக்கடி கேட்கும் 'சம்போங் பாயார்' விவகாரமும் இங்கே வருகிறது. தவணையை நீ கட்டிக்கொள் என்று காரை இன்னொருவரிடம் கொடுத்து, அவர் காரோடு மறைந்துவிட்டால், காப்புறுதி நிறுவனம் அதைத் திருட்டாகப் பார்க்காது. சாவியைக் கொடுத்தது நீங்கள்தான். நடந்தது நம்பிக்கை மோசடி என்று சொல்லி இழப்பீட்டை மறுக்கும். கடன் மட்டும் உங்கள் பெயரிலேயே நிற்கும்.

இழப்பீடே கேட்காதவர்களும் திருட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக் கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணிப்பின்படி நிர்ணயிக்கலாம். அந்த மாடல் கார் எவ்வளவு திருடுபோகிறது, எந்த வட்டாரத்தில் ஓடுகிறது, பாதுகாப்புக் கருவி உண்டா என்பதெல்லாம் பார்க்கப்படுகின்றன. அதனால் ஒரே காருக்கு நிறுவனத்திற்கு நிறுவனம் கட்டணம் மாறும். பல ஆண்டுப் பழக்கம் என்று ஒரே ஏஜெண்டிடம் கண்ணை மூடிக் கட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

கீறலோ திருட்டோ, 24 மணி நேரத்திற்குள் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். புகார் செய்ததால் மட்டும் என்சிடி போகாது. இழப்பீடு வாங்கினால்தான் போகும். கேட்பதா வேண்டாமா என்பதைப் பட்டறையின் விலையைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரை படம் எடுத்து வைத்துவிட்டு, சாயம் பூசாமல் விடுங்கள். இன்னொன்று: கார் திருட்டுப் போனால் காப்புறுதி நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கேட்கும். வீட்டில் இருக்க வேண்டிய இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.